இன்டர்கூலர் மேல தண்ணி ஊத்தறது வேற, ஸ்ப்ரே பண்றது வேற

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

நம்ம பேப்பரோட வண்டி பக்கத்துல போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார், டர்போ டீசல் வண்டி வெயில்ல மலை ஏறும்போது இழுவை குறையுது, இன்டர்கூலர் மேல தண்ணி ஸ்ப்ரே வச்சா சரியாகுமான்னு. அதுக்கு வந்த பதில் ரொம்ப சின்னது. வைப்பர் வாஷர் டியூப்ல ஒரு டீ ஜாயின்ட் (ஒரு டியூப்பை ரெண்டா பிரிக்கற இணைப்பு) போட்டு இன்டர்கூலர் பக்கம் திருப்பி விட்டுடுங்க, சூடா தெரிஞ்சா வாஷர் பட்டனை அமுக்குங்க, செலவே இல்லன்னு முடிச்சிட்டீங்க. கேள்வி அருமையான கேள்விங்க. பதில்ல பாதி தான் சரி, அந்த பாதிய மட்டும் நம்பி செய்யறவங்களுக்கு பிரயோஜனமும் கிடைக்காது, சில வண்டிக்கு கெடுதலும் வந்துடும். நான் பொள்ளாச்சிக்காரன், வேலை விஷயமா வால்பாறை ரோட்டுல அடிக்கடி ஏறி இறங்கறவன், என்னோட பழைய ஸ்கார்பியோல இந்த சிஸ்டத்தை சொந்தமா செஞ்சு மாட்டி ஓட்டிட்டு இருக்கேன். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், இடம் இருந்தா முழுசா போடுங்க.

முதல்ல இன்டர்கூலர் எதுக்குன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. டர்போன்னா வெளிய போற புகையோட வேகத்துல சுத்தற ஒரு சின்ன விசிறி, அது நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல சுத்தி காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளுது. காத்தை அமுக்கினா சூடாகும், சைக்கிளுக்கு காத்தடிச்சவங்க எல்லாருக்கும் பம்ப் சூடாறது தெரியும். 35 டிகிரில உள்ள போற காத்தை டர்போ 1 பார் பூஸ்டுக்கு, அதாவது வெளிக்காத்தோட அழுத்தத்தை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்குக்கு, அமுக்குச்சுன்னா வெளிய வரும்போது சுமார் 130 டிகிரி ஆயிடும், இது நான் கணக்கு போட்டு சொல்றது, டர்போவோட திறன் 70 சதவீதம்னு வச்சு. இந்த சூட்டு காத்து இன்ஜினுக்குள்ள அப்படியே போனா காத்தோட அடர்த்தி கம்மி, ஆக்சிஜன் கம்மி, புகை ஜாஸ்தி, எக்ஸாஸ்ட் சூடு ஜாஸ்தி. அதுக்குத்தான் நடுவுல ரேடியேட்டர் மாதிரி ஒரு அலுமினிய பெட்டி வச்சு, வெளிக்காத்துல ஆறவச்சு உள்ள அனுப்பறாங்க, அதுதான் இன்டர்கூலர்.

2.2 லிட்டர் டீசல் இன்ஜின் 2,500 ஆர்பிஎம்ல 1 பார் பூஸ்ட்ல ஓடுச்சுன்னா செகண்டுக்கு ஏறக்குறைய 80 கிராம் காத்து உள்ள இழுக்கும். அதை 130-ல இருந்து 65 டிகிரிக்கு இறக்கணும்னா 5 கிலோவாட்டுக்கு மேல சூட்டை இன்டர்கூலர் வெளிய தள்ளியாகணும். வீட்டு பாத்ரூம்ல இருக்கற 2 கிலோவாட் கீசர் ரெண்டரை ஒரே நேரத்துல ஓடற அளவு சூடு அது. நாலு வழிச்சாலைல 80-ல போகும்போது அடிக்கற காத்துக்கு இது ஒரு வேலையே இல்ல. ஆனா ஆழியார்ல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு இருக்குதுங்க, மார்ச் ஏப்ரல் மாசத்துல, முன்னாடி ஒரு லோடு வண்டி உருட்டிட்டு போகுது, நாம ரெண்டாவது கியர்ல 20 கிலோமீட்டர் வேகத்துல பின்னாடியே போறோம், டர்போ முழு வேலை செய்யுது, ஆனா இன்டர்கூலருக்கு காத்து வரல. ஸ்கார்பியோ மாதிரி வண்டில இன்டர்கூலர் இன்ஜினுக்கு நேர் மேல படுத்திருக்கும், காத்து போனட் மேல இருக்கற ஸ்கூப்ங்கற காத்து வாய் வழியாத்தான் வரணும். இந்த அமைப்புல பைப் நீளம் கம்மி, டர்போ ரெஸ்பான்ஸ் நல்லா இருக்கும், அது நல்ல விஷயம். ஆனா வண்டி ஊர்ந்து போகும்போது கீழ இருந்து இன்ஜின் சூடும் அதுமேலயே ஏறிடும். இன்டர்கூலர் ஆறவைக்கறதுக்கு பதிலா சூட்டை பிடிச்சு வச்சுக்கற நிலைமைக்கு வந்துடும், மெக்கானிக்குங்க இதை ஹீட் சோக்னு சொல்லுவாங்க. வளைவு திரும்பி ரோடு கிடைச்சு மிதிச்சா வண்டி உடனே எடுக்காம சோம்பலா நிக்கறது இதனாலதான்.

இப்ப தண்ணிக்கு வர்றேன், நீங்க விட்டுட்ட மீதி பாதி இதுதான். தண்ணி ரெண்டு விதமா சூட்டை எடுக்கும். 30 டிகிரி தண்ணி ஒரு லிட்டரை இன்டர்கூலர் மேல ஊத்தி, அது 60 டிகிரிக்கு சூடாகி கீழ வழிஞ்சு ரோட்டுல கொட்டுச்சுன்னா, அது எடுத்துட்டு போன சூடு சுமார் 125 கிலோஜூல். அதே ஒரு லிட்டர் ஃபின் மேல, அதாவது இன்டர்கூலர்ல இருக்கற மெல்லிய அலுமினிய தகடுங்க மேல, உக்காந்து முழுசா ஆவியாச்சுன்னா அது எடுக்கற சூடு சுமார் 2,400 கிலோஜூல். கிட்டத்தட்ட 20 மடங்குங்க. அதாவது தண்ணி கீழ சொட்டுதுன்னா அந்த தண்ணிய வீணாக்கறோம்னு அர்த்தம், ஆவியாப் போனாத்தான் வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம். எந்த நாசில் (தண்ணிய தூவற முனை), எந்த பம்ப், எங்க வைக்கணும், எவ்வளவு நேரம் விடணும், எல்லா முடிவும் இந்த ஒரே விஷயத்துல இருந்துதான் வரும்.

வாஷர் மோட்டார் இந்த வேலைக்கு ஆகாது. அது பிரஷர் கம்மியான, தண்ணி ஜாஸ்தியா தள்ளற மோட்டார், கண்ணாடில அழுக்கை அடிச்சு கழுவறதுக்கு செஞ்சது. நிமிஷத்துக்கு ஒரு லிட்டருக்கு மேலயே தள்ளிடும், அதுவும் கோடு கோடா பீய்ச்சும், ஃபின் மேல ஒரே இடத்துல விழுந்து வழியும். மூணு நாலு லிட்டர் வாஷர் டேங்க் ரெண்டு மூணு வளைவுலயே காலி, அப்புறம் நிஜமாவே கண்ணாடில சேறு அடிச்சா கழுவ தண்ணி இருக்காது, மலை ரோட்டுல அது ஆபத்து. வாஷர் தண்ணில சோப்பு லிக்விட் வேற கலந்திருப்போம், அது சூட்டு அலுமினியத்துல காய்ஞ்சு பிசுபிசுன்னு ஒட்டி தூசிய பிடிக்கும், ஒரு சீசன்ல இன்டர்கூலர் முன்னைய விட மோசமாயிடும். டீ போடறதை பத்தி நான் இவ்வளவு தூரம் சொல்றதுக்கு இதான் காரணம்.

இது ஏதோ பசங்க விளையாட்டுன்னு யாரும் நினைச்சிட வேண்டாம். ஜப்பான்ல சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ, மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் ரெண்டு வண்டிலயும் கம்பெனியே இன்டர்கூலர் வாட்டர் ஸ்ப்ரே வச்சு வித்தாங்க. சுபாருவுல இன்டர்கூலர் நம்ம ஸ்கார்பியோ மாதிரியே இன்ஜின் மேல, போனட் ஸ்கூப்புக்கு கீழ, தண்ணி டேங்க் டிக்கில. எவல்யூஷன்ல முன்னாடி பம்பருக்கு பின்னாடி. ரெண்டும் உலக ரேலில அடிச்சுக்கிட்ட வண்டிங்க. நம்ம திருவள்ளூர்ல இந்துஸ்தான் மோட்டார்ஸ் பிளான்ட்ல செஞ்ச லான்சர் அதே பேர்ல வந்தாலும் டர்போ இல்லாத வண்டி, அதனால ஸ்ப்ரேவும் கிடையாது, அந்த வண்டி வச்சிருந்தவங்க யாராவது போனட்டை திறந்து தேட வேண்டாம்.

சரி, எப்படி செய்யறது. அதுக்கு முன்னாடி ஒரு வேலை, பத்துல எட்டு பேருக்கு இதுலயே பாதி பிரச்சனை தீர்ந்துடும்னு நான் நம்பறேன். இன்டர்கூலரை நல்லா பாருங்க. ஃபின் நடுவுல பூச்சி, இலை, மண்ணு அடைச்சிருக்கும், வாட்டர் சர்வீஸ்ல ஹை பிரஷர் கன் அடிச்சு ஃபின் எல்லாம் மடங்கி போயிருக்கும். பைப்புல சாதாரணமா தண்ணி விட்டு கழுவி, மடங்கின ஃபின்னை பொறுமையா நிமித்துங்க. ஸ்கூப்புக்கும் இன்டர்கூலருக்கும் நடுவுல ஒரு ரப்பர் இல்லாட்டி ஃபோம் சீல் இருக்கும், பழைய வண்டில அது பொடிஞ்சு போயிருக்கும், அப்ப வர்ற காத்து இன்டர்கூலருக்குள்ள போகாம சைடுல ஓடிடும். அந்த சீலை மாத்துங்க. பூஸ்ட் ஹோஸ் கிளாம்ப் எல்லாம் டைட் பண்ணுங்க, ஜாயின்ட்ல எண்ணெய் கசிவு இருந்தா காத்தும் அங்க லீக் ஆகுதுன்னு அர்த்தம். இதெல்லாம் செய்யாம ஸ்ப்ரே வைக்கறதுல பிரயோஜனமே இல்லைங்க.

பம்ப்புக்கு எங்கயும் அலைய வேண்டாம், தோட்டத்துல மருந்தடிக்கற பேட்டரி ஸ்ப்ரேயர் இருக்குல்ல, முதுகுல மாட்டறது, அதுக்குள்ள இருக்கற 12 வோல்ட் டயாபிரம் பம்ப் தனியா ஸ்பேரா எல்லா விவசாய மெஷின் கடைலயும் கிடைக்கும். 4 பார் பிரஷர் சாதாரணமா குடுக்கும், பிரஷர் ஏறினா தானா நிக்கற ஸ்விட்ச் அதுலயே இருக்கு, தானா தண்ணியும் இழுத்துக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை, பூச்சி மருந்து ஓடின பழைய பம்ப்பை கழட்டி போடாதீங்க, புதுசா வாங்குங்க, இன்ஜின் பக்கத்துல இருந்து வர்ற காத்து கேபினுக்குள்ளயும் வரும். சிலர் ஆர்ஓ மெஷின் பம்ப் போடலாம்னு சொல்லுவாங்க, அது பெரும்பாலும் 24 வோல்ட், கார்ல 12 தான் இருக்கு, வேண்டாம்.

நாசில் தான் இந்த முழு சிஸ்டத்தோட உயிர். நம்ம ஏரியால இதுக்கும் பஞ்சமில்ல. பல்லடம், நாமக்கல் பக்கம் கோழி ஷெட்டுல வெயில் காலத்துல மேல இருந்து புகையா தண்ணி விடுவாங்களே, அந்த ஃபாகர். அங்கயும் தத்துவம் இதேதான், தண்ணி ஆவியாகும்போது சூட்டை எடுக்கும். நாலு வாய் ஃபாகர்ல ஒரு வாய்க்கு 4 பார்ல மணிக்கு 7 லிட்டர் தண்ணி போற மாதிரி வருது, அதாவது நிமிஷத்துக்கு ஏறக்குறைய 117 மில்லி. அது அத்தனையும் ஆவியாச்சுன்னா 4.7 கிலோவாட் சூட்டை எடுக்கும், மேல சொன்ன 5 கிலோவாட்டோட ஒப்பிட்டு பாருங்க, ஒரே ஒரு வாய் எவ்வளவு பெரிய வேலை செய்யுதுன்னு தெரியும். நிஜத்துல எல்லாமே ஆவியாகாது, ஆனா பாதி ஆனாலும் லாபம்தான். முன்பக்க இன்டர்கூலருக்கு இந்த பிளாஸ்டிக் ஃபாகர் போதும், இன்ஜின் மேல இருக்கறதுக்கு சூடு ஜாஸ்தி, அதனால நான் பித்தளை மிஸ்ட் நாசில் போட்டிருக்கேன், 0.3 மில்லிமீட்டர் ஓட்டை, சொட்டு நிறுத்தற வால்வு உள்ளயே இருக்கறது. வாங்கினதும் ஒரு நிமிஷம் ஓடவிட்டு அளவு ஜாடில பிடிச்சு எத்தனை மில்லி வருதுன்னு பாத்துக்கோங்க, கடைக்காரர் சொல்ற அளவு எல்லாம் வேற பிரஷருக்கு சொல்றது. அந்த ஓட்டைக்கு ஒரு மண் துகள் போதும் அடைச்சிக்க, அதனால பம்ப்புக்கு முன்னாடி ஒரு ஃபில்டர் கட்டாயம்.

டியூப் விஷயத்துல காசு பாக்காதீங்க. நியூமேட்டிக் கடைல கிடைக்கற பாலியூரித்தேன் டியூப் வளைக்க சுலபமா இருக்கும், ஆனா சூட்டுல இளகி ஃபிட்டிங்ல இருந்து கழண்டுடும். லாரி ஏர் பிரேக்குக்கு போடற நைலான் டியூப் 6 மில்லிமீட்டர் வாங்குங்க, சூட்டையும் பிரஷரையும் தாங்கும், டர்போ கிட்ட கொண்டு போகாம சுத்தி விடுங்க, அங்கங்க கிளிப் போட்டு பெல்ட்டுல படாம கட்டுங்க.

நாசில் வைக்கற இடம். காத்து எந்தப்பக்கம் இருந்து இன்டர்கூலருக்குள்ள நுழையுதோ அந்தப்பக்கம் தான் வைக்கணும், அப்பத்தான் காத்தே தண்ணித் துகளை ஃபின்னுக்குள்ள இழுத்துட்டு போகும். என் வண்டில ஸ்கூப்புக்கு உள்ள ரெண்டு நாசில், போனட்டோட அடிப்பக்கத்துல சின்ன பிராக்கெட் போட்டு, போனட்டை மூடினா இன்டர்கூலர்ல இருந்து ஒரு சாண் தள்ளி இருக்கற மாதிரி. கிட்ட வச்சா ஒரே இடம் நனையும், மத்த இடம் காஞ்சு கிடக்கும். ஒரு நியூஸ் பேப்பர் தாளை இன்டர்கூலர் அளவுக்கு வெட்டி அதே தூரத்துல பிடிச்சு ஒரு செகண்ட் ஸ்ப்ரே பண்ணி பாருங்க, எங்க நனையுது எங்க நனையலன்னு தாள் காட்டிடும். அப்புறம் டார்ச் அடிச்சு இன்டர்கூலருக்கு கீழ என்ன இருக்குன்னு பாருங்க. புகை வெளிய போற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் டர்போ ஹவுசிங்கும் வார்ப்பு இரும்பு, ஏத்தத்துல பல நூறு டிகிரில இருக்கும், அது மேல பச்சைத் தண்ணி திரும்ப திரும்ப விழுந்தா வெடிப்பு விடும். ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி மேலயும் விழக்கூடாது. வாஷர் டீ போட்டு லிட்டர் கணக்குல ஊத்தினா கெடுதல் வரும்னு சொன்னது இதைத்தான். சரியா மிஸ்ட் பண்ணினா கீழ ஒரு சொட்டு கூட வராது, வந்தா அளவை குறைங்க. ரோட்டுல தண்ணி விட்டுட்டே போனா பின்னாடி வர்ற டூவீலர்காரர் வளைவுல வழுக்குவார், அதையும் நினைச்சு பாக்கணும்.

அடுத்தது எப்ப ஸ்ப்ரே ஆகணும்ங்கறது. கைல பட்டன் அமுக்கறது வேண்டவே வேண்டாம், மலைல ஓட்டும்போது கண்ணு ரோட்டுல இருக்கணும். ஒரு ரூபாய் காசை விட சின்னதா கேஎஸ்டி 301-னு ஒரு தெர்மோஸ்டாட் ஸ்விட்ச் எலக்ட்ரானிக்ஸ் கடைல கிடைக்கும், சாதாரணமா ஆஃப்ல இருந்து 55 டிகிரில ஆன் ஆகறதா பாத்து கேட்டு வாங்குங்க, 55-ல ஆஃப் ஆகறதும் அதே மாதிரியே இருக்கும், மாறிடக்கூடாது. அதை இன்டர்கூலர்ல இருந்து இன்ஜினுக்கு காத்து போற பக்கத்து அலுமினிய தொட்டில ஒட்டின மாதிரி கட்டிடுங்க. பத்து பதினஞ்சு டிகிரி ஆறினதும் தானா ஆஃப் ஆயிடும். அது நேரா பம்ப்பை ஓட்டக்கூடாது, ரிலே (சின்ன கரன்ட்ல பெரிய கரன்ட்டை ஆன் பண்ற ஸ்விட்ச்) வழியா ஓட்டணும், பேட்டரி கிட்டயே ஃபியூஸ் போட்டு, இக்னிஷன் ஆன்ல இருந்தாத்தான் கரன்ட் வர்ற மாதிரி. ஃபியூஸ் இல்லாம வயர் இழுக்கறவங்களை நான் நிறைய பாக்கறேன், டீசல் வண்டியோட இன்ஜின் ரூம்ல அது நெருப்புக்கு வழி, தயவுசெஞ்சு யாரும் செய்யாதீங்க.

தொடர்ந்து ஸ்ப்ரே பண்றத விட விட்டு விட்டு பண்றது நல்லது, அடிச்ச தண்ணி ஆவியாக நேரம் குடுக்கணும்ல. 12 வோல்ட் சைக்ளிக் டைமர் போர்டு ஒன்னு போட்டு 2 செகண்ட் ஆன், 4 செகண்ட் ஆஃப்னு வச்சிருக்கேன். இங்க ஒரு நுணுக்கம். பம்ப்பையே ஆன் ஆஃப் பண்ணினா ஒவ்வொரு தடவையும் பிரஷர் ஏறி இறங்கற நேரத்துல நாசில்ல இருந்து மிஸ்ட் வராம பெரிய பெரிய துளியா கொட்டும். அதனால நாசிலுக்கு பக்கத்துல 12 வோல்ட் சொலினாய்டு வால்வு, அதாவது கரன்ட்ல திறந்து மூடற வால்வு, வச்சு, டைமர் அந்த வால்வை மட்டும் திறந்து மூடணும், பம்ப் அதோட சொந்த பிரஷர் ஸ்விட்ச்ல லைனை எப்பவும் பிரஷர்ல வச்சிருக்கட்டும். வால்வு திறந்த நொடியே மிஸ்ட் வரும், மூடின நொடியே நிக்கும். என்னோட ரெண்டு பித்தளை நாசிலுக்கும் சேர்த்து மொத்தமா நிமிஷத்துக்கு 40 மில்லி கணக்கு வருது, 5 லிட்டர் கேன் தொடர்ந்து ஓடினாலே ரெண்டு மணி நேரம் தாண்டும், வால்பாறை போய் சேர்ந்தும் மிச்சம் இருக்கும். இவ்வளவு கம்மி தண்ணி என்ன செஞ்சிடும்னு சந்தேகம் வரும். இன்டர்கூலர் அலுமினியம் ஒரு 3 கிலோன்னு வைங்க, அதை 20 டிகிரி இறக்க 25 மில்லிக்கும் கம்மியான தண்ணி ஆவியானா போதும், கணக்கு போட்டு பாருங்க.

தண்ணி என்ன தண்ணிங்கறது ரொம்ப முக்கியம். எங்க பக்கம், அப்புறம் கோயம்புத்தூர் திருப்பூர் பக்கம் போர் தண்ணி எவ்வளவு உப்புன்னு குழாய் வாய பாத்தாலே தெரியும். அந்த தண்ணி ஆவியானா உப்பு மட்டும் ஃபின் மேல படியும், வெள்ளை வெள்ளையா பொருக்கு கட்டி சூடு வெளிய போறதையே தடுத்துடும், அலுமினியத்தையும் அரிக்கும். பேட்டரி கடைல விக்கற டிஸ்டில்டு வாட்டர் நல்லது. அதுக்கு பதிலா வீட்டு ஏசில இருந்து பக்கெட்ல சொட்டற தண்ணியும் ஆகும், அதுல உப்பு ரொம்ப கம்மி, சும்மா கீழ ஊத்தறோம். மெல்லிய துணில வடிகட்டி பிடிச்சு வச்சா காசில்லாம கிடைக்குது. டேங்குக்கு மூடி இறுக்கமா இருக்கணும், நிறுத்தி வச்ச வண்டில திறந்த தண்ணி இருந்தா டெங்கு கொசு முட்டை வைக்கும், நல்ல தண்ணிலதான் அது வரும்.

சென்னை வாசகர்களுக்கு ஒரு சந்தேகம் வரும், எங்க ஊர் காத்துலயே ஈரம் ஜாஸ்தி, இங்க தண்ணி ஆவியாகுமான்னு. ஃபின் 60 டிகிரில இருக்கற வரைக்கும் சென்னைலயும் ஆவியாகும், ஏன்னா ஆவியாகறதை தீர்மானிக்கறது தண்ணி உக்காந்திருக்கற இடத்தோட சூடும் தான். ஆனா எவ்வளவு தூரம் ஆறும்ங்கறதுல வித்தியாசம் இருக்கு. தண்ணி ஸ்ப்ரே இல்லாத இன்டர்கூலர் வெளிக்காத்து சூட்டுக்கு கீழ காத்தை ஆறவைக்கவே முடியாது. தண்ணி இருந்தா வெட் பல்ப்னு சொல்ற அளவு (அந்த காத்துல ஈரத்துணி ஆறக்கூடிய கடைசி சூடு) வரைக்கும் எல்லை கீழ இறங்குது. 38 டிகிரி வெயில்ல ஈரப்பதம் 30 சதவீதம் இருக்கற காஞ்ச ஊர்ல அது 25 டிகிரி கிட்ட, 35 டிகிரில 70 சதவீதம் ஈரம் இருக்கற கடலோரத்துல 30 கிட்ட. அதனால பாலக்காட்டு கணவாய் காஞ்ச காத்து அடிக்கற எங்க பக்கம் பலன் கூடுதலாவே தெரியும்.

பலன் எவ்வளவுன்னு கேக்கறவங்களுக்கு, நான் இன்டர்கூலருக்கு அப்புறம் வர்ற பைப்புல ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் கட்டி பாக்கறேன். ஏத்தத்துல 70 டிகிரி காட்டற இடத்துல ஸ்ப்ரே ஓடும்போது 55, 60 காட்டுது. 70-ல இருந்து 55-க்கு வந்தா காத்தோட அடர்த்தி நாலரை சதவீதம் கூடுது. இதுல புது பவர் ஒன்னும் வராதுங்க, அதை தெளிவா சொல்லிடணும். டீசல் வண்டில எவ்வளவு டீசல் விடணும்னு ஈசியூங்கற இன்ஜின் கம்ப்யூட்டர் தான் முடிவு பண்ணுது, காத்து ரொம்ப சூடானா அதுவே குறைச்சுக்கும். நாம செய்யறது வெயில்ல போன இழுவைய திருப்பி வாங்கறது, எக்ஸாஸ்ட் சூட்டை குறைக்கறது, புகைய குறைக்கறது, அவ்வளவுதான். டர்போ பெட்ரோல்ல பலன் இன்னும் கூட வரும், அங்க சூட்டு காத்து உள்ள போனா நாக்கிங் (பெட்ரோல் கலவை தப்பான நேரத்துல தானா வெடிக்கறது) வரும், அதை தடுக்க ஈசியூ ஸ்பார்க் டைமிங்கை பின்னுக்கு இழுக்கும், பவர் பட்டுனு விழும். ஆனா வோக்ஸ்வாகன், ஸ்கோடாவோட 1.0 டிஎஸ்ஐ மாதிரி இன்ஜின்ல இன்டர்கூலரை இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளயே வச்சு கூலன்ட்ல ஆறவைக்கறாங்க, அதுமேல ஸ்ப்ரே பண்ண ஒன்னுமே இல்ல. அளக்கறப்போ இன்னொன்னு, ஓபிடி டாங்கிள் (வண்டியோட கம்ப்யூட்டர்ல இருந்து ரீடிங் எடுத்து காட்டற சின்ன கருவி) மாட்டி இன்டேக் டெம்பரேச்சர்னு வர்றதை உடனே நம்பாதீங்க, நிறைய டீசல் வண்டில அந்த சென்சார் ஏர் ஃபில்டர் பக்கத்துல, டர்போவுக்கு முன்னாடி இருக்கும், அது வெளிக்காத்து சூட்டைத்தான் காட்டும்.

இதோட வாட்டர் இன்ஜெக்‌ஷனை போட்டு குழப்பிக்கறவங்க இருக்காங்க. அது தண்ணிய இன்ஜினுக்குள்ளயே விடறது, 1962-லயே அமெரிக்கால ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர்ல தண்ணியும் மெத்தனாலும் கலந்து விட்டாங்க, பின்னாடி பிஎம்டபிள்யூ எம்4 ஜிடிஎஸ்லயும் வந்துச்சு. அளவு தப்பினா சிலிண்டர்ல தண்ணி நின்னு கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். வீட்டுல செய்யற வேலையே இல்ல அது. நாம பேசறது இன்டர்கூலருக்கு வெளிய மட்டும், ஒரு துளி கூட இன்ஜின் உள்ள போகாது.

சட்டம் பத்தியும் கேப்பாங்க. மோட்டார் வாகன சட்டம் 1988, 52-வது பிரிவு, ஆர்சில இருக்கற விவரம் கம்பெனி ஸ்பெசிஃபிகேஷன்ல இருந்து மாறற மாதிரி வண்டிய மாத்தக்கூடாதுன்னு சொல்லுது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணிடுச்சு. இந்த ஸ்ப்ரேல ஆர்சி விவரம் எதுவும் மாறல, ஓட்டை போடாம கழட்டி மாட்டற மாதிரிதான் செஞ்சிருக்கேன். ஆனா வாரன்டில இருக்கற புது வண்டில, ஒரிஜினல் வயரை வெட்டி வேலை செஞ்சா சர்வீஸ் சென்டர்ல கண்டிப்பா பிரச்சனை வரும், வாரன்டி முடியட்டும்னு காத்திருக்கறது நல்லது.

உங்ககிட்ட கேட்டுக்கறது இதுதான். அந்த பதிலுக்கு ஒரு திருத்தம் அடுத்த வாரமே போடுங்க, சித்திரை பொறக்கப் போகுது, ஸ்கூல் லீவு விட்டா ஊட்டி, வால்பாறை, கொல்லிமலைன்னு எல்லாரும் வண்டிய எடுத்துட்டு ஏறுவாங்க, உங்க பேப்பர்ல வந்ததுன்னா நம்பி செய்வாங்க. ஏற்கனவே படிச்சிட்டு வாஷர் டியூப்ல டீ போட்டவங்க யாராவது இருந்தா மலைக்கு கிளம்பறதுக்கு முன்னாடி அதை கழட்டிட்டு, இன்டர்கூலரை நல்ல தண்ணில ஒரு தடவை கழுவி சோப்பு பிசுக்கை எடுத்துடணும்னு அந்த திருத்தத்துலயே சேர்த்து போட்டுடுங்க.

இப்படிக்கு,
பொள்ளாச்சியில் இருந்து ஒரு நீண்டகால வாசகர்